13 அடி கேரவன் டிரெயிலருக்கு முதலில் எதை மாட்டுவது? சென்னை நண்பர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி

வணக்கம். போன மாதம் கோவையில் ஒருவரிடமிருந்து 13 அடி கேரவன் டிரெயிலர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆர்சி பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. ஒற்றை அச்சு, ஃபைபர் பாடி, இரண்டு இரட்டைக் கட்டில், சின்ன சமையல் மேடை, 60 லிட்டர் தண்ணீர் டாங்க். ஆர்சியில் காலி எடை 890 கிலோ, மொத்த எடை 1200 கிலோ. இழுக்க டீசல் எஸ்யூவி இருக்கிறது, கையேட்டில் சொன்ன இழுவை அளவுக்குள்தான் வருகிறது. போகப்போவது நான், மனைவி, மகள், என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி.

கையில் 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். 1 டன் ஏசி, அதற்கு 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி இரண்டு, கூரையில் 400 வாட் சோலார், வாசல் பக்கம் இழுத்து விரிக்கும் பந்தல், 32 அங்குல டிவி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறையில் மதுராந்தகம் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் இரண்டு இரவு தங்கி, வேடந்தாங்கல் பறவைகளைப் பார்த்துவிட்டு வர ஆசை. பட்டியல் சரியா?

அம்பத்தூர் பட்டறை

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன்னால் வண்டியை எடை போடுங்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரி போகிற இடத்தில் எல்லாம் எடைமேடை இருக்கிறது. டிரெயிலரை மட்டும் மேடையில் விட்டு, கொக்கியைக் கழற்றி, முன் காலை ஊன்றிவிட்டுச் சீட்டு வாங்குங்கள். ஆர்சியில் இருப்பது புதிதாக வெளியே வந்த நாளின் எடை. பழைய முதலாளி உள்ளே என்னென்ன சேர்த்தார் என்று ஆர்சிக்குத் தெரியாது.

உங்கள் பட்டியலை நான் கூட்டிப் பார்த்தேன். ஏசி உள் வெளி இரண்டும் சேர்த்து 35 முதல் 40 கிலோ. ஆசிட் ஊற்றிய 150 ஆம்பியர் டியூபுலர் ஒன்று 55 கிலோவுக்குக் குறையாது, இரண்டுக்கு 110. சோலார் தட்டும் அதன் கால்களும் 30. பந்தல் 20. டிவி 5. தண்ணீர் 60. ஆக 265 கிலோ. ஆர்சி கணக்குப்படியே உங்களுக்கு மிச்சம் இருப்பது 310. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், மெத்தை, நாலு பேர் துணி எல்லாம் 45 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அடங்காது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். நிறைந்த வண்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஹிட்ச் மேல், அதாவது காரின் பின்னால் டிரெயிலரை மாட்டும் கொக்கி மேல், இறங்க வேண்டும். ஆனால் கார்க் கையேட்டில் ஹிட்சுக்கு என்று தனி வரம்பு எழுதியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பின்னால் பாரம் கூடினால் 70 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெயிலர் வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். ஒரு தரம் அதை அனுபவித்தவன் மறக்க மாட்டான். அப்படி ஆடினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஹிட்ச் எடையைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், தெருமுனைக் காயலான் கடைத் தராசில் ஒரு பைப்பை நிறுத்தி அதன் மேல் முனையை இறக்கினால் தெரிந்துவிடும்.

750 கிலோவுக்கு மேல் போகும் டிரெயிலர் என்பதால் அதற்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும். முதல் செலவு அதுதான். டிரம்மைத் திறந்து லைனிங்கைப் பாருங்கள். அச்சு பேரிங்குக்கு கிரீஸ் மாற்றுங்கள்.

மின்கம்பி

ஏசி பற்றி நான் சொல்கிறேன். ஆசை தப்பில்லை, மே மாதச் சென்னையில் யாருக்குத்தான் வேண்டாம். ஆனால் பேட்டரியில் ஓட்டுகிற ஏசி வேறு கதை.

1 டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் சுமார் 900 வாட் எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதைக் கொடுக்கக் கிட்டத்தட்ட 80 ஆம்பியர் ஓடும். அறை குளிர்ந்த பிறகு சராசரி 450 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு, இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து, 4 யூனிட். உங்கள் இரண்டு டியூபுலரின் மொத்தக் கொள்ளளவு 3.6 யூனிட். ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக 1.8 யூனிட்தான் உங்களுடையது. இரவு 10 மணிக்குப் போட்ட ஏசி 2 மணிக்குள் நிற்கும். ராத்திரி முழுக்க ஓட்டும் அளவுக்குப் பெரிய பேட்டரி போட்டாலும், அந்த 4 யூனிட்டைத் திரும்ப ஏற்ற 400 வாட் சோலாருக்கு நல்ல வெயிலில் இரண்டரை நாள் ஆகும்.

ஆகவே ஏசி வேண்டும் என்றால் கரண்ட் கிடைக்கிற இடத்தில் மட்டும் ஓடுகிற மாதிரி வையுங்கள். பேட்டரி மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும் இருக்கட்டும். கரண்டை வெளியிலிருந்து எடுக்கும்போது எர்த்தை நம்பாதீர்கள். தோப்பு வீட்டிலும் சின்ன லாட்ஜிலும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. உங்கள் டிரெயிலரின் சேசிஸ், படி, ஹிட்ச் எல்லாம் இரும்பு. உள்ளே ஒரு கசிவு இருந்தால், ஈரத் தரையில் நின்று படியில் கை வைக்கிறவருக்கு அடிக்கும். கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை டிரெயிலருக்குள் கரண்ட் நுழைகிற இடத்திலேயே போடுங்கள். செருகிப் பார்க்கிற மூன்று விளக்கு டெஸ்டர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டினால் அந்த சாக்கெட்டில் எடுக்காதீர்கள்.

ஒயரும் தடிமனாக இருக்கட்டும். 25 மீட்டர் தூரம் இழுக்க 4 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் கேபிள். அதைச் சுருளாகவே வைத்துக்கொண்டு ஏசி ஓட்டாதீர்கள், முழுக்க விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கவே வரவில்லை.

சூரியத்தட்டு

மின்கம்பி சார் சொன்ன கணக்கு சரி, ஆனால் டியூபுலரை விட்டே வெளியே வாருங்கள் என்கிறேன். 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சுமார். 1.28 யூனிட்டில் 1.1 வரை தாராளமாக எடுக்கலாம். 110 கிலோ டியூபுலர் 1.8 கொடுக்கிறது, 12 கிலோ லித்தியம் 1.1 கொடுக்கிறது. ஏசியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போதும். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் அரை யூனிட், கூரை விசிறி, விளக்கு, போன், பம்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை. அதற்கு 300 வாட் தட்டு போதும்.

இரண்டு விஷயம் கவனம். பேட்டரியை வெயில் படும் இரும்புப் பெட்டியில் அடைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். 2003 மே மாதம் நம் ஊரில் நிழலிலேயே 45 அடித்தது, மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். கட்டிலுக்கு அடியில், காற்று போகிற மாதிரி வையுங்கள். இரண்டாவது, காரிலிருந்து நேராக ஒயர் இழுத்து லித்தியத்தை சார்ஜ் செய்யாதீர்கள். அது கேட்கிற ஆம்பியரைக் கொடுத்துக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். நடுவில் ஆம்பியரை அளந்து கொடுக்கும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

தட்டைக் கூரையோடு ஒட்ட வைக்காமல் இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். தட்டு சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். கீழே காற்று ஓடினால் கூரைக்கும் அது நிழல்.

பெரம்பூர் அக்கா

எல்லோரும் யூனிட் கணக்குப் போடுகிறீர்கள். 68 வயது அம்மா வருகிறார் என்று தம்பி முதலிலேயே எழுதியிருக்கிறார். பட்டியலில் கழிப்பறை எங்கே?

நாங்கள் மூன்று வருடமாகப் போய்வருகிறோம். என் மாமியாரும் வருவார். நான் வாங்கியதில் எல்லாவற்றையும் விட உபயோகமானது 21 லிட்டர் போர்ட்டபிள் டாய்லெட். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பெரியவர்களைத் தோப்புக்குள் கூட்டிப்போக முடியாது, பாம்பு பயம் வேறு. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த டாங்கின் அளவு பேப்பர் உபயோகிக்கிறவர்களுக்காகப் போட்டது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். ஹெல்த் ஃபாசெட் மாட்டினால் நாலு பேருக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும். நான் செடிக்குத் தெளிக்கிற ஒரு லிட்டர் கை பம்பு ஸ்ப்ரேயரை உள்ளே வைத்திருக்கிறேன். கால் லிட்டர் தண்ணீரில் சுத்தமாகக் கழுவலாம். டாங்க் இரண்டு நாள் வருகிறது.

காலி செய்வது பெட்ரோல் பங்க் கழிப்பறையிலோ தங்கிய வீட்டுக் கழிப்பறையிலோ கேட்டுக்கொண்டு மட்டும். ஏரிக்கரையில், வாய்க்காலில் கொட்டுகிற வேலை கூடவே கூடாது. டாய்லெட் டாங்கில் ஊற்றும் மருந்தும் செப்டிக் டாங்கைக் கெடுக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஃபார்மல்டிஹைட் கலந்தது வேண்டாம். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடி போடுங்கள், திருகாணி பிளைவுட்டில் மட்டும் நிற்காமல் உள்ளே இருக்கும் சட்டத்தில் இறங்க வேண்டும். வாசற்படி எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம் இருந்தால் நடுவில் இன்னொரு படி.

அடுத்தது கொசு வலை. ஜன்னலுக்குத் தனி, கதவுக்குத் தனி, கூரை விசிறிக்குத் தனி. ஏசி இல்லாமல் தூங்கலாம், கொசுவோடு தூங்க முடியாது.

தென்னந்தோப்பு என்கிறீர்கள். மரத்துக்கு அடியில் நிறுத்தாதீர்கள் தம்பி. தேங்காய் விழுந்தால் சோலார் தட்டும் போகும், கூரையும் போகும். மாமாவிடம் சொல்லி களத்தில் இடம் கேளுங்கள்.

ஓஎம்ஆர் பையன்

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறார், ஜனவரியில் வருகிறார். அங்கே டிரெயிலர் சாமான் நிறைய கிடைக்கிறது. என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

மின்கம்பி

12 வோல்ட்டில் ஓடுவது எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். 14 அங்குலச் சதுரக் கூரை விசிறி, தண்ணீர் பம்பு, கேஸ் டிடெக்டர், டயர் காற்றழுத்தம் காட்டும் சென்சார் எல்லாம் சரிதான். சுவர் கரண்டில் ஓடும் எதையும் வேண்டாம் என்றுவிடுங்கள். அங்கே 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், அது சமதளமாக நின்றால்தான் வேலை செய்யும், நம் வெயிலில் திணறும். பந்தல் வாங்கினால் உங்கள் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அவர்கள் ஊரில் வலப்பக்கம் கதவு, நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள், நமக்கு இடப்பக்கம்.

வேளச்சேரி வாசி

அம்பத்தூர் அண்ணன் சொன்னபடி ஞாயிறு காலை மாதவரம் போய் எடை போட்டேன். டாங்க் காலி, உள்ளே ஒன்றுமில்லை. சீட்டில் 940 கிலோ. ஆர்சியில் இருப்பதை விட 50 கூடுதல். என் பட்டியல் 265, மிச்ச இடம் 260. ஒரு டம்ளர் கூட ஏற்றாமலே வரம்பைத் தாண்டியிருப்பேன். சீட்டைப் பார்த்ததும் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது.

அந்த 50 எங்கே என்று தேடினேன். சமையல் மேடை கிரானைட். நாலடிக்கு இரண்டடி, முக்கால் அங்குலத் தடிமன்.

அம்பத்தூர் பட்டறை

அது மட்டும் 35 கிலோ இருக்கும். எடுத்துவிடுங்கள். 12 எம்எம் மரைன் பிளை மேல் மைகா ஒட்டினால் ஏழு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஓட்டத்தில் அந்தக் கல் ஒருநாள் விரிசல் விட்டு நழுவியிருக்கும், நல்ல நேரம் இப்போதே தெரிந்தது. ஆனால் ஹிட்ச் எடையைக் கல்லை எடுத்த பிறகு மறுபடி பாருங்கள். மேடை முன்பக்கம் இருந்தால் கொக்கி எடை குறைந்திருக்கும்.

கூடவே சொல்கிறேன், உள்ளே மேடை மாற்றுவது வேறு. அச்சை மாற்றுகிறேன், கூரையை உயர்த்துகிறேன் என்று இறங்கினால் அது ஆர்சியையே மாற்றுகிற வேலை, ஆர்டிஓ அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

ஈசிஆர் காற்று

டயர் பற்றி யாரும் கேட்கவில்லையே. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் வருடம் 14ஆம் வாரம். டிரெயிலர் டயர் ஓடித் தேயாது, நின்றே கெடும். என்னுடையது 2022இல் படாளம் தாண்டி வெடித்தது. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருந்தது, வாங்கிய இடத்தில் "ரெண்டு வருஷம் கவலையே வேண்டாம் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள், நான் குனிந்து பார்க்கவில்லை. வெடித்த டயரின் தோல் சக்கர வளைவைக் கிழித்து, கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர்க் குழாயையும் அறுத்துவிட்டது. மனைவியும் பையனும் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். ஐந்து ஆறு வருடம் ஆகிவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். நிறுத்தி வைக்கும்போது வெயில் படாமல் உறை போடுங்கள். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள்.

அப்புறம் பந்தல். கடற்கரைப் பக்கம் இழுத்து விரிக்கிற பந்தலை ராத்திரி விரித்தபடியே விட்டால் காலையில் இருக்காது. முளையும் மணலில் நிற்காது. நான் பந்தல் வாங்கவே இல்லை. காசிமேட்டில் மீன்பிடி நைலான் கயிறு, நல்ல தார்ப்பாய், இரண்டு அலுமினியக் கம்பம். மூலைக்கு ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டிவிடுவேன். ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினால் மழைத் தண்ணீர் நடுவில் தேங்காமல் வழிந்துவிடும்.

பெரம்பூர் அக்கா

மழை என்றதும் ஞாபகம் வந்தது. பொங்கலுக்குள் ஒரு நாள் டிரெயிலரின் மேல் ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்து, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். எங்கள் டிரெயிலரில் கூரை விசிறியைச் சுற்றி யாரோ சிலிக்கான் பூசியிருந்தார்கள். ஐப்பசி மழை முழுக்கச் சொட்டு உள்ளே இறங்கியிருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அலமாரி மூலையைக் கட்டை விரலால் அழுத்தினேன், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. அந்தச் சுவரையே மாற்ற வேண்டியதாயிற்று. சிலிக்கானின் தொல்லை என்னவென்றால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். விசிறிச் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் ரப்பர் டேப், மேலே பாலியூரித்தேன் சீலண்ட். சோலார் தட்டுக்குத் துளை போடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இதே.

அம்பத்தூர் பட்டறை

கேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைக்காதீர்கள், அது வீட்டுக்கு மட்டும் கொடுப்பது. 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் படுத்துக்கிடக்கும். அதனால் தரையில் கேஸ் வெளியேற ஒரு ஓட்டை, வலை போட்டு. டிடெக்டரைத் தரையிலிருந்து ஓரடிக்குள் வையுங்கள், மேலே மாட்டினால் அது கத்தும்போது காலம் கடந்திருக்கும். ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிடுங்கள். ரப்பர் குழாயில் அச்சடித்த வருடத்தைப் பாருங்கள்.

வேளச்சேரி வாசி

பொங்கல் முடிந்து நேற்று ராத்திரி திரும்பினோம். எழுதாமல் தூக்கம் வரவில்லை.

கிரானைட் போய்விட்டது. டயர் மூன்றும் புதிது, பழையதில் ஒன்றின் இலக்கம் 3815. பிரேக் லைனிங் மாற்றினேன். ஹோஸ் அடித்ததில் பின் ஜன்னல் மேல் விளிம்பில் கசிவு தெரிந்தது, சரிசெய்தேன். அப்புறம்தான் 100 ஆம்பியர் லித்தியம், 300 வாட் தட்டு, ஆர்சிசிபி, கூரை விசிறி, டாய்லெட், கைப்பிடி, வலைகள். ஏசி வாங்கவில்லை, டிவி வாங்கவில்லை. தண்ணீர் நிரப்பி, துணிமணி எல்லாம் ஏற்றி மறுபடி எடை போட்டேன், 1110 கிலோ. ஹிட்சில் 115, கார்க் கையேட்டின் வரம்புக்குள்.

பரனூர் சுங்கச்சாவடி தாண்டி பஸ் ஒன்று உரசுகிற மாதிரி ஏறிப்போனது. காற்று அடித்தும் டிரெயிலர் நேராகவே வந்தது. களத்தில் நிறுத்தினோம். மாமா வீட்டு சாக்கெட்டில் டெஸ்டரைச் செருகினால் எர்த் இல்லை. கரண்டே எடுக்கவில்லை, இரண்டு நாளும் பேட்டரிதான், கடைசிக் காலையில் 40 சதவீதம் மிச்சம்.

அம்மா முதல் ராத்திரி இரண்டு தரம் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே போய்வந்தார், என்னை எழுப்பவில்லை. காலையில் காபி குடிக்கும்போது "அடுத்து கொல்லிமலை போலாமாடா" என்று கேட்டார். 70 கொண்டை ஊசி வளைவு, டிரெயிலரோடு முடியாது என்றேன். அப்போ ராமேஸ்வரம் என்கிறார்.

கேள்வி ஒன்று. விசிறியை உள்ளே இழுக்க விடுவதா, வெளியே தள்ள விடுவதா?

பெரம்பூர் அக்கா

வெளியே தள்ள விடுங்கள். படுக்கைப் பக்கத்து ஜன்னல் ஒன்றை மட்டும் நாலு விரல் திறந்து மற்றதை எல்லாம் மூடிவிடுங்கள், காற்று முழுக்க அம்மா தலைமாட்டு வழியாகத்தான் வரும்.